கட்டுச்சோறும் காட்டு வழியும்

வழிநடப்போர் உண்ணும் உணவுக்குத் தமிழில் வழங்கும் பெயர்கள் பல. ஆற்றுணா என்பது அவற்றுள் ஒன்று. ஆறு என்பது வழி, உணா என்பது உணவு. இச்சொல்லைப் பழமொழி நானூற்றிற் காண்கின்றோம். கற்றறிந்தவனுக்குச் சென்ற இடமெல்லாம் சொந்த ஊரே போலுமாதலின், அவன் வழியுணவு சுமந்து திரியவேண்டுவதில்லை என்பது அந்நூலாசிரியர் கருத்து. தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் பயிலும் யாம் அக்கருத்தை மகிழ்ந்து பாராட்டினோமாயினும், குடியம் காட்டிலே அதனை நம்பி வெறுங்கையோடு நடக்க எம்முள் எவரும் உடன்பட்டிலர். நாலடியார் தோட்கோப்பு என்றொரு சொல்லைத் தருகின்றது. அங்கே அது மறுமைக்கு வேண்டும் அறத்தைக் குறிப்பாய் உணர்த்தும். யாம் ஈண்டு எழுதப் புகுவதோ, அரிசியும் புளியும் நீரும் அடங்கிய தோட்கோப்பைப் பற்றியே.

சேக்கிழார் பெருமான் பொதிசோற்றை இரண்டு இடங்களிற் பேசுகின்றார். திருப்பைஞ்ஞீலிக்குச் செல்லும் வழியிலே பசித்து இளைத்த நாவுக்கரசருக்கும், திருக்குருகாவூருக்குச் செல்லும் வழியிலே வருந்திய சுந்தரருக்கும் இறைவன் பொதிசோறு அளித்தான் என்பது வரலாறு. அவ்விரண்டு இடங்களையும் அடுத்து வைத்துப் படித்தபோது எமக்கு ஒன்று புலனாயிற்று. முன்னதிலே சோலையும் குளமும் சோற்றோடு உடன் தோன்றுகின்றன. பின்னதிலே பந்தலும் குளிர்ந்த நீரும் தோன்றுகின்றன. சோற்றை மட்டும் கொடுத்து நீரையும் நிழலையும் மறந்த புலவர் அல்லர் அவர். வெளியூர் உலாவுக்கு மூட்டை கட்டுவோர் பலர் மறப்பது இதனையே.

பேருந்துப் பலகைகளில் ஆர்.கே.பேட்டை என்று சுருங்கிவிட்ட இராமகிருஷ்ணராஜுப்பேட்டையும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களும் தறியோசை ஓயாத ஊர்கள். திருத்தணி வட்டாரம் 1960 ஏப்ரல் முதல் நாளிலே தமிழகத்தோடு சேர்வதற்கு முன்னர் ஆந்திர நாட்டின் சித்தூர் மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. ஆதலின் இங்கே ஒரு தெருவில் தமிழும் அடுத்த தெருவில் தெலுங்கும் கேட்கும். தெலுங்கு பேசும் எம் அயலவர் கார்த்திகை மாதத்திலே தோப்புக்குச் சென்று, நெல்லிமரத்தடியில் இலை விரித்துக் கூடியிருந்து உண்பர். அதற்கு வனபோஜனம் என்று பெயர். தமிழரோ காணும் பொங்கலன்று கட்டுச்சோற்றோடு ஆற்றங்கரைக்கும் கடற்கரைக்கும் புறப்படுவர். ஆதலின் நண்பர் குழாத்தோடு வெளியிடம் சென்று உண்டு மீளும் வழக்கத்தை மேனாட்டார்தாம் நமக்குக் கற்பித்தனர் என்று எண்ண வேண்டுவதில்லை.

இவ்வட்டாரத்து இளைஞர் கூடினால், எங்கே போவது என்பதற்கு முன்னரே என்ன சமைப்பது என்னும் வினா எழுந்துவிடுகின்றது. இது தலைகீழ் முறை. இடமே மூட்டையைத் தீர்மானிக்க வேண்டும். சோளிங்கர்ப் பெரிய மலைக்கு 1,305 படிகள். 2024ஆம் ஆண்டு முதல் கம்பி வழி ஊர்தியும் ஓடுகின்றது. அங்கே நீருக்கும் உணவுக்கும் அடிவாரத்திலே கடைகள் உள. அங்கே கருதவேண்டியது குரங்கு. கையிலே தொங்கும் பையும், பையினின்று எட்டிப் பார்க்கும் வாழைப்பழமும் அவற்றுக்குக் கொடுத்த அழைப்பேயாம். மூடியைப் பூட்டி இறுக்கிய டிபன் கேரியரை முதுகுப்பையின் அடியில் இட்டுச் செல்பவன் தப்பினான். தாள் பையில் முறுக்குக் கொண்டு சென்றவன் அதனைப் பங்கிட்டான், ஆனால் நண்பர்க்கு அன்று.

பழவேற்காடு வேறு வகை. அங்கே மூட்டையைப் பற்றிய கவலை சிறிது. படகைப் பற்றிய கவலை பெரிது. 2011ஆம் ஆண்டு திசம்பர் 25ஆம் நாள், கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு உலாச் சென்றோர் ஏறிய படகு பழவேற்காட்டு ஏரியிலே கவிழ்ந்து 22 பேர் மாண்டனர். நீரிலே செல்லும் உலாவிற்குக் கட்டுச்சோறு பின்னர்; ஆளுக்கோர் உயிர்காப்புச் சட்டை முன்னர். அஃது இல்லாத படகிலும், ஏற்கத்தக்க எண்ணுக்கு மிஞ்சி ஆள் ஏற்றும் படகிலும் ஏறாமற் கரையிலிருந்தே நாரையைப் பார்த்து வருதல் தகும். கூட்டத்தில் ஒருவனேனும் இதனைச் சொல்லும் துணிவுடையவனாய் இருத்தல் வேண்டும். ‘போகலாம், ஒன்றும் ஆகாது’ என்று கூறுவதற்கு எப்போதும் நால்வர் இருப்பர்.

யாம் விரிவாகக் கூற எடுத்துக்கொண்டது குடியம். பூண்டி நீர்த்தேக்கத்துக்கு அப்பால், அல்லிக்குழி மலைத்தொடரின் புதர்க்காட்டிலே, கூழாங்கற்கள் இறுகிப் பாறையான குன்றுகளில் இயற்கையாய் அமைந்த பெருங்குகைகள் அங்கே உள. திருத்தணியினின்று புகைவண்டியில் திருவள்ளூர் சென்று, பூண்டி வழியாகக் குடியம் சிற்றூரை அடைந்தால், அங்கிருந்து காட்டுக்குள்ளே ஒரு மணி நேரத்துக்கு மேற்பட்ட நடை. இடையிலே கடை இல்லை. நம்பத்தகுந்த குடிநீர் இல்லை. நிழலும் பல இடங்களில் இல்லை. எல்லாம் இருக்கும் இடத்துக்கு மூட்டை கட்டுதல் எளிது. ஒன்றும் இல்லாத இடத்துக்குக் கட்டத் தெரிந்தவன் எங்கும் செல்லலாம் ஆகலின் குடியத்தைத் தெரிந்தெடுத்தோம்.

அவ்விடத்தின் பழமையையும் ஒரு சொல் கூறிவிட்டு மேற்செல்வோம். இராபர்ட் புரூஸ் ஃபூட் என்னும் நிலவியலறிஞர் 1863ஆம் ஆண்டிலே பல்லாவரத்திலும், பின்னர் இக்காட்டை அடுத்த அத்திரம்பாக்கத்திலும் பழங்கற்காலக் கருவிகளைக் கண்டெடுத்தார். அத்திரம்பாக்கத்துக் கைக்கோடரிகள் ஏறத்தாழப் பதினைந்து இலட்சம் ஆண்டுகட்கு முற்பட்டவை என்று சாந்தி பப்பு முதலிய ஆராய்ச்சியாளர் 2011ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அக்காலத்து மாந்தர் இக்காட்டிலே கல்லைச் சுமந்தனர். உணவைக் காட்டினிடமே பெற்றனர். நாமோ கல்லை விட்டுவிட்டோம், உணவைச் சுமக்கின்றோம். அங்கே காலில் இடறும் கல்லிலே கருவி இருத்தல் கூடும். அதனை எடுத்துப் பையில் இட்டுக்கொண்டு வருதல் குற்றம். மூட்டையிலே திரும்பி வரக்கூடாத பொருள் அஃது ஒன்றே.

இனி ஏற்பாட்டுக்கு வருவோம். முதலிலே நாள். எம் குழுவினர் பதின்மருள் சிலர் மாணாக்கர். இருவர் தறி நெய்வோர். ஒருவர் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் வேலை செய்பவர். அவருக்கு வாரந்தோறும் ஷிப்டு மாறும். ஞாயிறு காலை எம்மிற் சிலருக்கு ஆலய ஆராதனை. காணும் பொங்கலன்று பூண்டிக்கரை முழுதும் மக்கள் வெள்ளம். வடகிழக்குப் பருவமழை ஐப்பசியிலும் கார்த்திகையிலும் இம்மாவட்டத்தை நனைப்பது. அப்போது காட்டோடைகள் திடீரெனப் பெருகும். பங்குனிக்கு மேல் வெயில் கொல்லும். காட்டுத் தீயை அஞ்சி வனத்துறையினர் வழிகளை அடைத்துவிடுவதும் உண்டு. எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தால் மார்கழிக் கடைசியும் தை மாதமும் எஞ்சும். அவற்றுள்ளும் ஒரு சனிக்கிழமை.

குடியம் காப்புக்காட்டுக்குள் இருப்பது, இசைவின்றிப் புகலாகாது. தமிழ்நாட்டு வனத்துறை 2024ஆம் ஆண்டில் தொடங்கிய மலைநடைத் திட்டத்திலே இவ்வழியும் சேர்க்கப்பட்டது. கட்டணம் செலுத்தி முன்பதிவு செய்துகொண்டு, வழிகாட்டியோடு செல்லுதலே முறை. இதனை வீண் தொல்லையென்று முணுமுணுப்போர்க்குக் குரங்கணியை நினைப்பூட்டுவோம். 2018ஆம் ஆண்டு மார்ச்சு 11ஆம் நாள் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் மூண்ட காட்டுத் தீயில் மலைநடைக்குச் சென்றோர் இருபதின்மருக்கு மேல் உயிரிழந்தனர். நாம் எங்கே இருக்கின்றோம், எத்தனை பேர் இருக்கின்றோம் என்று வெளியிலே ஒருவர் அறிந்திருத்தல் எத்துணை வேண்டற்பாலது என்பதை அந்நிகழ்ச்சி காட்டிற்று.

அடுத்தது நேரம். பெரும்பாலோர் புறப்படும் நேரத்தைத் தொடங்கி முன்னோக்கிக் கணக்கிடுவர். யாம் திரும்பும் நேரத்தைத் தொடங்கிப் பின்னோக்கிக் கணக்கிடுதலே தக்கது என்போம். மார்கழியிலே மாலை 5.45 மணியளவில் ஞாயிறு மறையும். கதிரவன் மறைவதற்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவே கடைசி ஆள் காட்டை விட்டு வெளியேறியிருத்தல் வேண்டுமென்று வைத்துக்கொண்டால், மாலை 3.45. நடைக்கு ஒன்றரை மணி. கால் நொந்தவனுக்காக அரை மணி. ஆகவே 1.45க்குக் குகையை விட்டு எழவேண்டும். உண்டு களைப்பாறும் நேரம் ஒன்றேகால் மணி. குகையைச் சுற்றிப் பார்க்க ஒரு மணி. அங்ஙனமாயின் 11.30க்குக் குகையை அடைதல் வேண்டும்; பத்து மணிக்குள் சிற்றூரை விட்டு நடை தொடங்கல் வேண்டும். ஆர்.கே.பேட்டையினின்று முதற் பேருந்தைப் பிடிக்காதவனுக்கு இக்கணக்கு ஒத்துவராது. கூட்டத்தின் வேகம் என்பது மிக மெல்ல நடப்பவனுடைய வேகமேயாம். விரைந்து நடப்பவனை வைத்துக் கணக்கிட்ட குழு காட்டிலே இரண்டு குழுவாகிவிடும்.

இனி நீர். வெயிலில் நடப்பவனுக்கு ஒரு மணிக்கு அரை லிட்டராவது வேண்டும். நாள் முழுதுக்கும் ஆளுக்கு மூன்று லிட்டர் என்பது சிக்கனமான கணக்கே. பதின்மருக்கு முப்பது லிட்டர். அஃதாவது முப்பது கிலோ பாரம். சோற்றுக்கோ ஆளுக்கு 200 கிராம் அரிசி என்று கொண்டால் இரண்டு கிலோ அரிசி. வெந்து சோறானபின் ஏறத்தாழ ஐந்து ஆறு கிலோ. சோற்றைப்போல் ஐந்து மடங்கு நீர் என்பதை இக்கணக்கு காட்டுகின்றது. இதனை முன்னரே எண்ணிப் பாராதவர் சோற்றை இருவர் தலையில் ஏற்றி, நீரை ‘அங்கே பார்த்துக்கொள்ளலாம்’ என்பர். நீரைப் பொதுப் பாரமாக்குதல் கூடாது. தன் நீரைத் தானே சுமத்தல் வேண்டும். ஒவ்வொருவனும் ஒன்றரை லிட்டர்ப் போத்தல்கள் இரண்டு. ஒருவன் வழி தவறிப் பிரிந்தாலும் அவனோடு நீரும் இருக்கும் என்பது இதனால் வரும் பெரும்பயன். வீட்டிலே கொதிக்கவைத்து ஆற்றிய நீர் தக்கது. ஓடை நீர் பளிங்குபோல் தோன்றினும் மேலே மாடு இறங்கியிருக்கக் கூடுமன்றோ?

வியர்வையிலே நீரோடு உப்பும் கழிகின்றது. ஆதலின் நீர்மோரும், உப்பிட்ட எலுமிச்சை நீரும் நம்மவர் வழக்கம். மிக நல்ல வழக்கம். வயிற்றுப்போக்கோ வெயில் மயக்கமோ நேர்ந்தால், ஒரு லிட்டர் நீரில் தலை தட்டிய சிறு கரண்டியால் ஆறு கரண்டிச் சர்க்கரையும் அரைக் கரண்டி உப்பும் கரைத்துச் சிறுகச் சிறுகப் பருகத் தரலாம். இவ்விரண்டையும் அளந்து கலந்து ஒரு தாளில் மடித்து வைத்துக்கொண்டால் காட்டிலே கரண்டி தேட வேண்டியதில்லை.

சோற்றிலே அறியவேண்டுவன மிகுதி. நல்ல சோறு ஏன் கெடுகின்றது என்பதை முதலில் ஆராய்வோம். அரிசியிலே பேசில்லஸ் சீரியஸ் என்னும் நுண்ணுயிரின் வித்துகள் இயல்பாகவே இருக்கும். சோறு கொதிப்பதனாலும் அவை முற்றும் சாவதில்லை. வெந்த சோறு சூடு தணிந்து வெதுவெதுப்பாய் நெடுநேரம் கிடந்தால் அவ்வித்துகள் முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். அந்நஞ்சுள் ஒரு வகை பின்னர்ச் சூடுபடுத்தினாலும் அழியாது. உண்டவன் சில மணி நேரத்தில் வாந்தியெடுப்பான். உணவு 60 பாகை சென்டிகிரேடுக்கு மேற்பட்ட சூட்டிலோ, 5 பாகைக்குத் தாழ்ந்த குளிர்ச்சியிலோ இருப்பின் அச்சம் குறைவு. இடைப்பட்ட வெப்பமே கிருமிக்கு உவப்பானது. முதுகுப்பையின் உட்புறம் அவ்விடைப்பட்ட வெப்பமே என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

பனிக்கட்டியும் குளிர்ப்பெட்டியும் இல்லாத காலத்திலே நம் பாட்டியர் இச்சிக்கலை எங்ஙனம் தீர்த்தனர்? புளி, உப்பு, எண்ணெய், உலர்ச்சி என்னும் நான்கினால் தீர்த்தனர். புளிப்பு மிகுந்த இடத்தில் நோய்க்கிருமிகளிற் பல பெருகுதல் அரிது. உப்பும் வறுத்த பொடியும் ஈரத்தை ஈர்த்துக்கொள்ளும். நல்லெண்ணெய் பருக்கை ஒவ்வொன்றையும் சூழ்ந்து ஒட்டாமற் பிரிக்கும். புளியோதரை வழிநடைக்குரிய சோறாயது சுவையினால் மட்டும் அன்று.

எனினும் எல்லாப் புளியோதரையும் தாங்காது. செய்முறையிலே அதன் ஆயுள் இருக்கின்றது. பழைய அரிசியை உதிரியாய் வடித்து, அகன்ற தாம்பாளத்திலே பரப்பி, நல்லெண்ணெய் விட்டு ஆறவிடுதல் வேண்டும். விசிறினால் இன்னும் நன்று. விரைவிலே ஆறுகின்ற சோறே கெடாத சோறு. புளிக்காய்ச்சலை முதல்நாள் இரவே செய்து வைக்கலாம். கெட்டியாகக் கரைத்த புளியை மஞ்சள், உப்பு, வற்றல் மிளகாய், கடலைப்பருப்பு, வேர்க்கடலை இவற்றின் தாளிப்போடு கொதிக்கவைத்து, எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும்வரை அடுப்பில் வைத்தல் வேண்டும். எண்ணெய் பிரியாத காய்ச்சலிலே நீர் இருக்கின்றது. நீர் இருந்தாற் கெடுதியும் இருக்கின்றது. வறுத்து இடித்த தனியா, வெந்தயம், எள், பெருங்காயப் பொடியைக் கடைசியில் தூவி, ஆறிய சோற்றோடு ஆறிய காய்ச்சலைக் கலந்து, முற்றும் ஆறியபின்னரே கட்டுதல் வேண்டும். சுடச்சுடக் கட்டினால் ஆவி இலையின் உட்புறத்தே நீராய்ச் சொட்டிச் சோற்றை நனைக்கும். விடுதி மாணாக்கர் பலர் கட்டிய சோறு நண்பகலுக்கு முன்னரே நாறியதற்குக் காரணம் இதுவே. பழியோ சமையற்காரர் தலையில் விழும்.

எலுமிச்சஞ்சோறு பிற்பகல்வரை தாங்கும். தேங்காய்ச் சோறு கண்ணுக்கு அழகு, நாவுக்கு இனிமை. வெயில் நாளில் வழிக்கு ஆகாது. தேங்காய்ச் சட்னியையும் அவ்வாறே வீட்டில் நிறுத்துக. இட்டிலிக்கு மிளகாய்ப் பொடியும் நல்லெண்ணெயும் தடவிக் கொண்டு சென்றால் துணை வேறு வேண்டா. உருளைக்கிழங்கு வறுவலை நன்கு முறுக விட்டால் தாங்கும். மசியலாகச் செய்தால் தாங்காது.

தயிர்ச்சோறு இல்லாமல் உண்டி நிறைவுறாது என்பார் எம்முள் ஒன்பதின்மர். அதற்கு ஓர் உபாயம் உண்டு. குழைய வடித்து ஆறிய சோற்றிலே காய்ச்சி ஆறிய பாலை மிகுதியாய் விட்டு, ஒரு கரண்டித் தயிர் மட்டும் உறையாகச் சேர்த்துப் பிசைந்து கட்டுவது. வழியிலே அது தானே உறைந்து, நண்பகலில் அளவான புளிப்போடு இருக்கும். காலையிலேயே முழுத்தயிர் விட்டால் நண்பகலில் பல் கூசும். உப்பை உண்ணும்போது சேர்த்துக்கொள்க. வெங்காயத்தை அறவே விடுக. இச்சோற்றை மாலைக்கு என்று மிச்சம் வைத்தல் கூடாது. முதற் பந்தியிலேயே முடித்துவிடுக. தொட்டுக்கொள்ள நார்த்தங்காய் ஊறுகாய் ஆளுக்கு இரண்டு துண்டு. பாட்டிலோடு தூக்கிச் செல்ல வேண்டா.

அசைவம் விரும்புவார் எம்மிடையேயும் உளர். கோழிக் குழம்பைக் காட்டு வழியிலே ஆறு மணி நேரம் சுமந்து சென்று உண்பது ஆபத்தை விலைக்கு வாங்குவதே. ஓட்டோடு அவித்த முட்டையைக் கொண்டு செல்லலாம். அதனையும் முற்பகலிலேயே உண்டுவிடுதல் நன்று. எஞ்சிய ஆசையை வீடு திரும்பியபின் தீர்த்துக்கொள்ளலாம். அங்கே சமைத்துக்கொள்ளலாமே என்பார்க்குக் காப்புக்காட்டில் தீ மூட்டுதல் சட்டப்படி குற்றம் என்பதே விடை. பீடி, சிகரெட்டுக்கும் அவ்விடையே.

கட்டும் முறை வருமாறு. வாழையிலையை அப்படியே மடித்தால் நரம்பு வழியே கிழியும். தணலிலே இப்புறம் அப்புறம் காட்டி வாட்டினால் துணிபோல் மடியும். ஒருவர்க்கு ஒரு பொட்டலம் என்று தனித்தனியே கட்டுவதிலே மூன்று நன்மை உண்டு. பரிமாற வேண்டுவதில்லை; கை படாது; உண்ணும் இலையும் அதுவே. பொட்டலங்களை இறுக்கிச் சேர்த்துக் கட்டுவதற்கு எம்மூர்த் தறியில் நெய்த துண்டு போதும். துண்டு பல வேலைக்கு உதவும்: மூட்டையாகும், தலைப்பாகையாகும், இருக்கையாகும், ஒடிந்த கையைத் தாங்கும் தூளியாகும். ஆளுக்கு ஒன்று என்பது எம் கணக்கு. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களைத் தமிழ்நாட்டரசு 2019 சனவரி முதல் தடை செய்தது; வாழையிலையும் துண்டும் உள்ளவர்க்கு அத்தடையினால் ஓர் இழப்பும் இல்லை.

பாரத்தைப் பங்கிடுவதிலே ஒரு நுட்பம் உளது. ‘நீ சோறு, நீ ஊறுகாய், நீ மருந்து’ என்று பொருளுக்கு ஓர் ஆளாகப் பிரிப்பதே உலக வழக்கம். புறப்படும் காலையிலே ஒருவனுக்குக் காய்ச்சல் வரும், வருதல் உறுதி. அவனோடு மருந்தும் வீட்டில் தங்கிவிடும். ஆதலின் இன்றியமையாப் பொருளையெல்லாம் இருவரிடம் பிரித்து வைத்தல் வேண்டும். சோற்றுப் பொட்டலத்தை அவரவரே சுமத்தல் வேண்டும். ஒருவன் வாராதொழிந்தால் ஒருவன் உணவே குறையும், உண்பவனும் ஒருவன் குறைவான். கணக்குப் பிசகாது.

மருந்துப் பொட்டலத்தில் அதிகம் வேண்டா: காயத்துக்குத் துணிச்சுருளும் கிருமிநீக்கியும், காய்ச்சல் மாத்திரை, மேற்கூறிய உப்புச் சர்க்கரை. ஆஸ்துமா முதலிய நோய் உள்ளவன் தன் மருந்தைத் தான் மறவாதிருத்தல் வேண்டும். அதனை மற்றொருவனும் அறிந்திருத்தல் வேண்டும். பாம்பு தீண்டினால் செய்யத்தகாதன பல: கீறலாகாது, உறிஞ்சலாகாது, குருதி நிற்க இறுக்கிக் கட்டலாகாது, பாம்பைத் துரத்தலாகாது. செய்யத்தகுவது ஒன்றே. கடியுண்டவனை அசையாது வைத்து, 108 வண்டியை அழைத்து, நஞ்சுமுறி மருந்துள்ள மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்தல். செருப்பினும் மூடிய காலணி நன்று. கல்லிடுக்கிலே கை நுழைத்தல் தீது.

குகைப் பாறைகளில் மலைத்தேனீ அடை கட்டித் தொங்குவதுண்டு. அங்கே கூச்சலிடுதலும், கல்லெறிதலும், வாசனைத் தைலம் பூசிக்கொண்டு நிற்றலும் அறியாமை. குகையிலே குரல் எதிரொலிக்கின்றதா என்று பார்க்கவேண்டும் என்னும் ஆசை எல்லார்க்கும் எழும். பாட்டுப் பாடும் நண்பர்களை யாம் பூண்டிக்கரையிலேயே பாடவிட்டு அழைத்துச் செல்வோம்.

பணம் பற்றிச் சுருங்கக் கூறுவோம். வண்டிச் சத்தம், இசைவுக் கட்டணம், அரிசி புளி எண்ணெய் எல்லாவற்றையும் கூட்டிப் பத்தால் வகுத்து முன்னரே வாங்கிவிடுக. பின்னர் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்ட காசு நட்பைக் கெடுக்கும். தறி வேலையை ஒருநாள் விட்டு வருபவனுக்கு அந்நாட்கூலியும் செலவே என்பதை மாணாக்கராகிய யாம் நினைவிற் கொண்டு, அவன் பங்கை அரிசியாகவோ துண்டாகவோ ஏற்றுக்கொள்வதுண்டு. அவன் நெய்த துண்டிலே எம் சோறு செல்வது எமக்குப் பெருமையே.

திரும்பும்போது மூட்டை இலேசாகிவிடும் என்பர். நீரும் சோறும் தீர்ந்துவிடும், உண்மையே. ஆயினும் வெற்றுப் போத்தல், முட்டையோடு, பழத்தோல், எச்சில் இலை இவையெல்லாம் உடன் வரவேண்டியவை. இலைதானே, மட்கிவிடும் என்று காட்டில் எறிதலும் தகாது. சோற்று மணம் பன்றியையும் குரங்கையும் அவ்விடத்துக்குப் பழக்கும், அடுத்து வருபவன் அதன் பயனை நுகர்வான். ஆதலின் புறப்படும்போதே எண்ணெய் படிந்த பழைய சாக்கு ஒன்றை மடித்து மூட்டையின் அடியிலே வைக்கின்றோம். எச்சில் இலைகளைச் சிற்றூர் எல்லையை அடைந்தபின் அவ்வூரார் காட்டும் எருக்குழியிலே கொட்டிவிடலாம். போத்தல்கள் வீடுவரை வரும். புளிக்காய்ச்சலின் மஞ்சட் கறை ஏறிய துண்டை அன்றிரவே சோப்பிட்டு அலசி, மறுநாள் நல்ல வெயிலிலே காயவிடுக. மஞ்சட் கறையை வெயில்தான் போக்கும்.